கடைக் கணக்கும் மரபணுக் கணக்கும்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

நீட்டில் இடம் கிடைக்காத மகள் மறுபடி எழுத மாட்டேன் என்கிறாள், புற்றுநோய் எந்த அளவு பரவும் என்பதை மரபணுக்களை வைத்துக் கணிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "உண்மையிலேயே அப்படி ஒரு வேலை இருக்கிறதா, இல்லை யூடியூபில் எதையாவது பார்த்துவிட்டுச் சொல்கிறாளா?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் கல்லூரியில் ஒரு படிப்பைத் தேடினால் கிடைக்காது. குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். உங்கள் கடையின் சரக்குப் பட்டியல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். எது எவ்வளவு போகிறது என்பதுதான் மாறும். வெல்லம், பச்சரிசி, ஏலக்காய், முந்திரி நாலும் சேர்ந்து ஏறினால் பொங்கல் வருகிறது என்று பில் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். பட்டியலில் சுமார் 20,000 மரபணுக்கள். எதிலிருந்து எத்தனை ஆர்.என்.ஏ நகல்கள் வெளியே போகின்றன என்பதுதான் திசுவுக்குத் திசு, நோய்க்கு நோய் மாறும். அதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஒரு நோயின் போக்கைச் சேர்ந்து காட்டிக்கொடுக்கும் சில பத்து மரபணுக்களின் கூட்டுக்குக் கையொப்பம் என்று பெயர்.

2002இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய்க் கழகத்தில் லாரா வான்ட் வீர் குழுவினர் மார்பகப் புற்றுநோய்க்கு 70 மரபணுக்கள் கொண்ட ஒரு கையொப்பத்தை வெளியிட்டார்கள். அது மம்மாபிரிண்ட் என்ற பரிசோதனையாக மருத்துவமனைக்கு வந்தது. அதை வைத்து 6,693 பெண்களிடம் நடந்த மைன்டாக்ட் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. வழக்கமான அளவுகோல்படி ஆபத்து அதிகம், கையொப்பப்படி குறைவு என்று வந்தவர்களில் கீமோ கொடுக்கப்படாத பிரிவில், நோய் உடலின் வேறு இடத்துக்குப் பரவாமல் 5 ஆண்டுகளைக் கடந்தவர்கள் 94.7 சதவீதம். கீமோ எடுத்தவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை சதவீதப் புள்ளிதான். முடி கொட்டி, வாந்தி எடுத்து, வேலைக்குப் போக முடியாமல் கிடக்கும் அந்த மாதங்கள் பலருக்குத் தேவைப்படாமலே போகலாம். உங்கள் மகள் இதில் மயங்கியதில் தப்பே இல்லை.

ஆனால் அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் பக்கம் ஒன்று உண்டு. 2011இல் வெனெ, டுமான், டெட்டூர் என்ற மூவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி ஏதோ சில மரபணுக்களை ஒரு பட்டியலாக்கி, அதுவும் மார்பகப் புற்றுநோயின் போக்கைக் கணிக்கிறதா என்று பார்த்தார்கள். பெரும்பாலான பட்டியல்கள் கணித்தன! சாப்பிட்ட பிறகு சிரித்தால் ரத்தத்தில் எந்த மரபணுக்கள் மாறும் என்று எவரோ எடுத்து வைத்திருந்த பட்டியல்கூடத் தேறிவிட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். பண்டிகை நெருக்கத்தில் கடையில் எல்லாச் சரக்குமே கூடப் போகும். உப்பும் தீப்பெட்டியும்கூட ஏறியிருக்கும். உப்பை வைத்துப் பொங்கலைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் எப்படி? கட்டிச் செல்கள் வேகமாகப் பெருகும்போதும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கூடவே ஏறுகின்றன.

இன்னொன்று சிரிக்க முடியாதது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, எந்த நோயாளிக்கு எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று கையொப்பத்தை வைத்துச் சொல்ல முடியும் என்றது. ஹூஸ்டனில் இருந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பெயர்கள் ஒரு வரி தள்ளிப் போயிருந்தன, துவரம்பருப்பின் விலை உளுந்துக்கு நேரே விழுந்த மாதிரி. அதற்குள் அந்தக் கணக்கை நம்பி நோயாளிகளுக்கே சிகிச்சைச் சோதனை தொடங்கிவிட்டது. 2010இல்தான் அது முற்றிலும் நின்றது.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இந்தத் துறையில் உயிரியலை மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். கணக்கைச் சந்தேகப்பட்டுச் சரிபார்க்கிறவர்கள் குறைவு. அதனால்தான் "ஜீனோமிக்ஸ்" என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் படிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவள் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தது நல்லதாகப் போயிற்று. என் முதல் தேர்வு நல்ல அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, எம்.சி.சி. மூன்றிலும் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே பயோடெக் கிடைத்தால் அதுவும் சரி. வேறெங்கோ கிடைக்கும் பயோடெக் சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

அப்புறம் முதுகலை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் படிப்பு, இருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம், உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் படிப்புகளுக்கு கேட்-பி என்று நுழைவுத்தேர்வுகள் உண்டு. எந்தப் பட்டம் தகுதி என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் இளங்கலையோடு இதில் வேலை கிடைப்பது கஷ்டம். ஆராய்ச்சிக்குப் போய் ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். 2023இலிருந்து அந்தத் தொகைதான். அவள் அந்த இடத்துக்கு வர இன்னும் ஐந்து வருடமாவது ஆகும். வீட்டில் அதற்குள் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலைமை என்றால் புள்ளியியல் பட்டம் வேறு கதவுகளையும் திறக்கும். அதை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த விடுமுறையில் ஒரு சோதனை. தரவுகளை அலச உதவும் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். ஜியோ (GEO) என்ற அமெரிக்க அரசுத் தரவுத்தளத்தில் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் போட்டு வைத்த மரபணு வெளிப்பாட்டு அட்டவணைகளும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். சின்ன அட்டவணை ஒன்றை இறக்கி, ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டட்டும். மூன்றாவது வாரமும் அவளாகவே போய் உட்கார்ந்தால் பார்க்கலாம். சலித்துப்போனாலும் நஷ்டமில்லை.

கடிதத்தின் கடைசியில் குறை சொல்வது போல ஒன்று எழுதியிருந்தீர்கள்: ஸ்டாக்கில் ஒரு பாக்கெட் குறைந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு அலமாரி முழுவதையும் இறக்கி எண்ணுகிறாள், தூங்கவிட மாட்டேன் என்கிறாள் என்று. மதிப்பெண்களைவிட நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது அந்த வரியைத்தான். கட்-ஆஃப் எவ்வளவு என்று மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள், அனுப்புங்கள்.