சரிவு முப்பது: சதவீதமா, டிகிரியா?

கோத்தகிரி வாசகர்: மனை நோட்டீஸில் "சரிவு 30 சதவீதம்" என்று அச்சிட்டிருந்தார்கள். நம்பி அட்வான்ஸ் கொடுத்தேன். சர்வேயர் அளந்தால் 30 டிகிரி. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார் புரோக்கர்.

ஒன்றே இல்லை. கிடையாக 100 அடி போனால் எத்தனை அடி ஏறுகிறோம் என்பதுதான் சதவீதக் கணக்கு. 30 சதவீதம் என்றால் 16.7 டிகிரி. 30 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 58 சதவீதம். 100 சதவீதம் என்றால் செங்குத்துப் பாறை என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் 45 டிகிரி. கல்லாறு தாண்டியதும் நம் மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அந்த ஏற்றமே சுமார் 8 சதவீதம்தான். டிகிரியில் ஐந்துகூட வராது. உங்கள் மனையில் மண்ணை வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பும் செலவைப் புரோக்கரா தருவார்? வெறும் எண்ணைப் போட்டு விற்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கத்தரிக்காய் "முப்பது" என்றால் கிலோவுக்கா, கூறுக்கா என்று கேட்கிற ஊர் இது. உங்களுக்கோ அச்சிலேயே பொய் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மேல் தப்பில்லை. பத்திரம் பதியாதீர்கள். நோட்டீஸ், சர்வேயர் அளவு இரண்டின் நகலையும் வைத்து, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுத் தபாலில் எழுதுங்கள். ரசீது பத்திரம்.

குன்னூர் வாசகி: மகனுக்கு வாங்கிய கால்குலேட்டரில் சைன் 30 போட்டால் மைனஸ் 0.988 வருகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

மறுத்தது சரி. ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றினால் 0.5 வரும்.

குன்னூர் வாசகர்: சோலார் கொட்டேஷனில் "சாய்வு 0.2" என்று இருக்கிறது. பேனலைத் தட்டையாகப் படுக்கவைக்கப் பார்க்கிறார்களா?

இல்லை, அதுவும் ரேடியன்தான். 57.3ஆல் பெருக்குங்கள், 11.5 டிகிரி. நம் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. பேனலைத் தெற்கு பார்த்து அந்தச் சாய்வில் வைப்பதுதான் வழக்கம். ஊட்டி பக்கத்து முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கிக்கு 11 டிகிரி சரிந்த மலையாகத் தேடிப் பிடித்ததும் அட்சரேகையை ஒட்டித்தான், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக. கொட்டேஷனில் அலகு எழுதித் தரச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

ஊட்டி, விடுதி நடத்துபவர்: கார்டில் அச்சிட விடுதியின் அட்சரேகையை 11 டிகிரி 24 நிமிடம் என்று கொடுத்தேன். அச்சகம் 11.24 என்று போட்டுவிட்டது. அவசரத்தில் ப்ரூஃப் பார்க்காமல் ஓகே சொன்னேன். ஆயிரம் கார்டு வீண்.

பிறகு யாரைக் கேட்பது? 24ஐ 60ஆல் வகுத்தால் 0.4, போட வேண்டியது 11.4. உங்கள் கார்டை நம்பினால் பதினேழு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும். வருகிறவர்கள் பாவம்.

ஊட்டி வாசகர்: பழைய சாமான் கடையில் பித்தளையில் ஒரு கோணம் அளக்கும் கருவி. வட்டத்தில் 400 வரை கோடு இருக்கிறது. போலியா?

போலி இல்லை. ஐரோப்பாவில் நில அளவையில் புழங்கும் கிரேடியன் கணக்கு அது. முழு வட்டம் 400, செங்கோணம் 100. எண்ணை 0.9ஆல் பெருக்கினால் டிகிரி. இப்படி ஒன்றை நானும் வாங்கினேன். வீட்டு மூலைக்கு 100 காட்டியது. சுவர் கோணல் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டு, அப்புறம் கருவிதான் கோளாறு என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். எந்தக் கடை என்று எழுதுங்கள். அது என்னுடையதாகவும் இருக்கலாம்.