நிரல் பக்கம்: கொடுத்த சீட்டு மறுபடியும் எப்படி வந்தது?

கேள்வி: விடுமுறையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடும் கழுதை ஆட்டத்தைப் பைத்தானில் எழுதி வருகிறேன். நான்கு பேருக்கு ஆளுக்கு 13 சீட்டு. 0 முதல் 51 வரை ஓர் எண்ணை ரேண்டமாக எடுத்து, பட்டியலில் அந்த இடத்தில் உள்ள சீட்டைக் கொடுக்கிறேன். ஆனால் ஸ்பேட் ஏஸ் இரண்டு பேர் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொடுத்த சீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிப் பார்த்தேன். இப்போது நிரல் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
— கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: தாயக்கட்டையை எத்தனை முறை உருட்டினாலும் அதன் பக்கங்கள் குறைவதில்லை, சீட்டுக்கட்டோ ஒவ்வொரு சீட்டை எடுக்கும்போதும் ஒன்று இளைக்கிறது. உங்கள் முதல் நிரல் சீட்டுக்கட்டைத் தாயக்கட்டையைப் போல நடத்தியிருக்கிறது. எடுத்த சீட்டு கட்டிலேயே இருப்பதால், முதல் ஆளுக்கு 13 சீட்டு கொடுத்து முடிப்பதற்குள்ளேயே ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை வருவதற்கு ஏறத்தாழ 80 சதவீத வாய்ப்பு உண்டு.

இரண்டாம் நிரலில் சீட்டை நீக்கிவிட்டீர்கள், சரி. ஆனால் எண்ணை இன்னும் 0 முதல் 51 வரையே கேட்கிறீர்கள். ஒரு சீட்டு போனதும் கடைசி இடத்தின் எண் 50 ஆகிவிடுகிறது. அப்போது 51 வந்தால் அங்கே சீட்டே இல்லை; அதனால்தான் பிழை. கவனித்துப் பாருங்கள்: 13 சீட்டுக்குள் இந்தப் பிழை வருவதற்கான வாய்ப்பும் அதே 80 சதவீதம்தான், ஏனென்றால் இரண்டு இடத்திலும் 52இல் 51, 52இல் 50, 52இல் 49 என்று பெருக்கிக்கொண்டு போகும் கணக்கு ஒன்றே. வரம்பை 51 என்று எழுதிவைக்காமல், ஒவ்வொரு முறையும் பட்டியலின் அப்போதைய நீளத்தைக் கேட்டு அதிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டால் பிழை நின்றுவிடும்.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள்: ஏற்கெனவே கொடுத்த சீட்டு வந்தால் மறுபடி எண் எடு என்று. விடை சரியாகவே வரும். ஆனால் 52 சீட்டையும் கொடுத்து முடிக்கச் சராசரியாக 236 முறை எண் எடுக்க வேண்டும், அதில் கடைசிச் சீட்டுக்கு மட்டும் 52 முறை. இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேலூர்ப் பக்கம் கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் சீட்டாடுகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் நன்றாகக் கலைக்கிறார், அடுத்தவர் வெட்டிக் கொடுக்கிறார், பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் யாரும் கட்டின் நடுவில் கைவிட்டுத் துழாவுவதில்லை. நிரலும் அப்படியே இருக்கட்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் பைத்தானின் ஷஃபிள் என்ற கட்டளையால் ஒரே முறை கலைத்துவிடுங்கள். அதன்பின் பட்டியலின் கடைசியிலிருந்து பாப் என்ற கட்டளையால் ஒவ்வொன்றாக எடுங்கள். பாப் என்பது சீட்டை எடுத்துத் தருவதையும் கட்டிலிருந்து நீக்குவதையும் ஒரே செயலாகச் செய்வதால், எடுத்துவிட்டு நீக்க மறந்துபோவதற்கு இடமே இல்லை.

ஷஃபிளை நீங்களே எழுத விரும்பினால், ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு இடத்தையும் கட்டின் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றிக்கொண்டு போனால் போதும் என்று தோன்றும். அது சமமாகக் கலைக்காது. மூன்று சீட்டை வைத்தே பார்க்கலாம்: அந்த முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று தேர்வு என்பதால் 3×3×3, அதாவது 27 வழிகள் பிறக்கின்றன, ஆனால் மூன்று சீட்டை அடுக்க 6 வரிசைகளே உள்ளன, 27 ஆறால் மீதியின்றி வகுபடாது, ஆகவே சில வரிசைகள் மற்றவற்றைவிட அடிக்கடி வந்தே தீரும். சரியான முறை இது: இன்னும் தொடாத சீட்டுகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அவற்றின் கடைசியில் இருப்பதோடு இடம் மாற்றுங்கள், பிறகு அந்தக் கடைசி இடத்தை விட்டுவிட்டு மீதியில் அதையே செய்யுங்கள். புள்ளியியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் காகிதத்தில் எண்களை அடித்து அடித்துச் செய்யும்படி சொன்னதை, 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்ப இப்படி மாற்றினார். பைத்தானின் ஷஃபிளும் உள்ளே இதைத்தான் செய்கிறது.

கேள்வி: என் சீட்டாட்ட நிரலில் ஒரு பிழை எப்போதாவதுதான் வருகிறது, அதே சீட்டு வரிசையை மறுபடி வரவழைத்துச் சோதிக்க முடியுமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: முடியும். கலைப்பதற்கு முன் பைத்தானின் ரேண்டம் தொகுப்புக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணை விதையாக, அதாவது அது கணக்கைத் தொடங்கும் எண்ணாக, கொடுங்கள். அதே விதைக்கு அதே வரிசை வரும். சோதனை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். விதை சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999இல் போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கான ஓர் இணையத் தளத்தில் நடந்தது சான்று. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது; அந்தத் தளமோ நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை விதையாக வைத்ததால், ஒரு நாளைக்கு 8,64,00,000 வரிசைகளுக்கு மேல் வரவே முடியாமல் போனது. பாதுகாப்பு வல்லுநர்கள் ஐந்து சீட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் மீதிக் கட்டு முழுவதையும் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள்.