டிசி கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்:

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். நான் வீட்டு வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மூத்தவளுக்கு 17 வயது, மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் 17 வாரக் கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பையன் எங்கள் தெருதான், 20 வயது, துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரியில் கிளீனர். ஒரு வருஷமாகப் பழக்கமாம். அவன் அம்மா, கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம் என்கிறார். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகும், நீங்களே டிசி எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டால் வெளியே தெரியாது என்கிறார். போலீசுக்குப் போனால் இவளை ஹோமில் போட்டுவிடுவார்களோ என்று பயம். அந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்பவும் மனசில்லை. மார்ச்சில் பரீட்சை. இவள் படிப்பு நிற்கக் கூடாது. எட்டாவது படிக்கிற சின்னவளை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை."

அம்மா, டிசி, அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ், கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று நாளைக்கே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பள்ளி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆஸ்பத்திரி. அங்கேதான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதை உங்கள் மகளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்தால் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத பெண்ணுக்கு 24 வாரம் வரை வழி உண்டு, ஆனால் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். அவள் மைனர் என்பதால் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. ஆனால் உங்கள் சம்மதம் மட்டும் போதாது. கலைக்க வேண்டாம் என்று அவள் சொன்னால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குழந்தையைப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன ஒரு மைனர் பெண்ணின் விருப்பத்தை, பெற்றவர் எதிர்த்தபோதும், நம் சென்னை உயர் நீதிமன்றமே 1990-களில் மதித்திருக்கிறது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். திங்கட்கிழமை காலையிலேயே ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போங்கள். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாலாம் மாதத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இப்போது போலீஸ். இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழ் இருந்தால், அவளே விரும்பியிருந்தாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. கர்ப்பம் ஆகியிருப்பதால் அது இன்னும் கடுமையான பிரிவுக்குப் போகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்ச தண்டனை 20 வருஷம். இருபது வயதுப் பையனுக்கு இருபது வருஷம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, சட்டம் மாற வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆனால் உங்களுக்கு இன்றைக்கு இருக்கிற சட்டத்தைத்தான் நான் சொல்ல முடியும். விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது அந்தச் சட்டம். அந்தக் கடமை உங்களுக்கும் உண்டு, டாக்டருக்கும் உண்டு, உங்களைச் சத்தமில்லாமல் போகச் சொல்கிற ஹெச்.எம்.முக்கும் உண்டு.

ஒரு சலுகை இருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் இதை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கர்ப்பத்தைத் தொடர்வதென்று முடிவானால் இது பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணுக்காக நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியும்போதே ஆதாரில் இருக்கிற பிறந்த தேதி வயதைச் சொல்லிவிடும். அப்படியானால் அவர்களாகத் தேடி வருவதற்கு முன், நீங்களாகவே ஒரு வக்கீலோடு போவது நல்லது.

போனால் என்ன நடக்கும்? அவள் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, சீருடை போடாத பெண் அதிகாரி எடுக்கலாம். இரவில் அவளை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். ஹோம் பற்றிய உங்கள் பயம் அங்கேதான் தீரும். குடும்பம் பாதுகாப்பாக இருந்தால் பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை. "இவள் என்னோடுதான் இருப்பாள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குழுவிடம் எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு ஆதரவு நபரை, அதாவது வழக்கில் அவளுக்குத் துணையாக இருப்பவரை, நியமிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு, ஆட்டோ செலவு மாதிரி உடனடித் தேவைகளுக்கு அந்தக் குழுவே பண உதவிக்குப் பரிந்துரைக்கலாம், பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்பது 2020 போக்சோ விதி. இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

அந்தப் பையனைப் பற்றி: காதல் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒரு வழக்கை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. ஆனால் உச்ச நீதிமன்றம் 2024-இல் கண்டிப்பாகப் பேசியிருக்கிறது, அதனால் அதை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. அவன் தனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் மகள் மாஜிஸ்திரேட் முன் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று யாரும் அவளைத் தயார் செய்யாதீர்கள்.

தாலி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் ரொம்ப நாளாக இருக்கிற நம்பிக்கை. ஆகாது. 18 நிரம்பாத மனைவியோடு உறவு கொண்டாலும் குற்றம்தான் என்று 2017 அக்டோபரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கல்யாணத்தை நடத்தி வைத்தால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் பையன் மேல் இன்னொரு வழக்கு வரும், அவன் அம்மா மேலும் உங்கள் மேலும் வரும்.

இனி டிசி. சில வருஷத்துக்கு முன் ஒரு தாயார் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். வேறு பள்ளி. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். டீச்சரின் அழகான கையெழுத்தில் ஒரே வரி: குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன். கீழே அந்த அம்மாவின் பெருவிரல் ரேகை, மை ஓரத்தில் இழுபட்டிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது, ஏதோ லீவு லெட்டர் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் போய்க் கேட்டபோது பள்ளி அந்தத் தாளைத்தான் எடுத்து வைத்தது: நாங்கள் அனுப்பவில்லை, அவர்களாகப் போனார்கள். அவளை மறுபடி சேர்ப்பதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. அதனால்தான் உங்களிடம் எடுத்தவுடன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

கர்ப்பமாக இருப்பதால் ஒரு மாணவியை நீக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது என்று சிலர் வாதாடுவார்கள். நிற்கட்டும். அரசியல் சட்டத்தின் 14, 15, 21-ஆம் பிரிவுகள் 17 வயதுப் பெண்ணுக்கும் இருக்கின்றன. மாநகராட்சிப் பள்ளி அரசின் கை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ரிப்பன் மாளிகையில் துணை ஆணையர் (கல்வி) அவர்களுக்கு ஒரு மனு: "என் மகள் தொடர்ந்து படிக்கவும் பொதுத்தேர்வு எழுதவும் விரும்புகிறாள். டிசி நான் கேட்கவில்லை. மருத்துவக் காரணத்தால் வர முடியாத நாட்களுக்கு அனுமதி தர வேண்டும்." இவ்வளவு போதும். மகளின் உடல்நிலையை விவரிக்க வேண்டாம். நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணிலும் சொல்லுங்கள். வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தாலும் போதும்.

மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றாராமே, அது எனக்கு ஆறவில்லை. மாணவர் பாதுகாப்புக்கு ஆலோசனைக் குழு வைக்கச் சொல்லி 2021-இலேயே அரசாணை இருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்தக் குழு கூடுகிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உடம்பு எப்படி மாறுகிறது, கர்ப்பம் எப்படி உண்டாகிறது, வேண்டாம் என்று சொல்வது எப்படி, 18 வயது என்பது சட்டத்தில் ஏன் இவ்வளவு பெரிய கோடு என்பதை எட்டாவது, ஒன்பதாவதிலேயே ஒரு நர்ஸை வைத்துச் சொல்லித் தரச் சொல்லுங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான். அந்த 20 வருஷம் பற்றி இந்தப் பையனுக்கு யாராவது ஒருநாள் சொல்லியிருப்பார்களா? சின்னவளிடம் நீங்களே பேசுங்கள். அக்காவுக்கு நடந்ததை மறைக்காமல், அக்காவைத் திட்டாமல்.

குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவெடுத்து, வளர்க்க முடியாத நிலை வந்தால், குழந்தைகள் நலக் குழு மூலமாக முறைப்படி ஒப்படைக்கலாம், மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. யார் கேட்டாலும் நேரடியாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மார்ச்சில் அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும். டாக்டர் சம்மதித்தால் தாராளமாகப் பரீட்சை எழுதலாம். முடியாவிட்டால் ரிசல்ட்டுக்குப் பிறகு துணைத் தேர்வு இருக்கிறது. பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். இல்லை என்றாலோ, ஹால் டிக்கெட் தர மறுத்தாலோ அன்றைக்கே எனக்குத் தெரியப்படுத்துங்கள்.