டாக்டரிடம் கேளுங்கள்: குடும்ப டாக்டர் என்று யார் போர்டு மாட்டலாம்?

போன இதழில், எதற்கெடுத்தாலும் ஸ்பெஷலிஸ்டிடம் ஓடாமல் முதலில் ஒரு குடும்ப டாக்டரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "யார் அந்தக் குடும்ப டாக்டர், அவருக்கு என்ன தகுதி, யார் சான்றிதழ் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கின்றன. நியாயமான கேள்விதான். நான் வக்கீல் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மூன்று வருட மேற்படிப்பு படித்து, தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் நடத்துகிறவள். என் தொழிலைத் தொடுகிற சட்டம் வரை எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு இளம் டாக்டர் 'குடும்ப நல மருத்துவர்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். படிப்பு எம்.பி.பி.எஸ். மட்டும்தான். இப்படிப் போடலாமா?
(வாசகி, மன்னார்குடி)

போடலாம், அம்மா. நம் நாட்டில் குடும்ப டாக்டராகத் தொழில் செய்யத் தனி உரிமம் எதுவும் கிடையாது. நாலரை வருடம் எம்.பி.பி.எஸ்., அதன்பின் ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி (நாங்கள் இன்றும் ஹவுஸ் சர்ஜன் என்றுதான் சொல்கிறோம்), அப்புறம் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. பதிவெண் கைக்கு வந்த மறுநாளே அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கலாம். 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம் இருந்தபோதும் இதே நிலைதான். அதை நீக்கிவிட்டு வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் இந்த விஷயத்தில் மாற்றம் இல்லை.

அந்தப் பிள்ளை போர்டு மாட்டியதில் தப்பே இல்லை. அவரை அந்த நாற்காலிக்கு நாம் தயார் செய்தோமா என்பதுதான் என் கவலை. ஹவுஸ் சர்ஜன் வருடத்தின் 52 வாரங்களை 2021ஆம் ஆண்டு விதிகள் எப்படிப் பிரிக்கின்றன என்று பாருங்கள். சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், பிரசவத்துக்கும் குடும்ப நலத்துக்கும் சேர்த்து 7, பொது மருத்துவத்துக்கு 6, அறுவை சிகிச்சைக்கு 6, குழந்தைகளுக்கு 3, மனநலத்துக்கு 2. கண், காது, எலும்பு, தோல் என்று மீதி கரைந்துவிடும். அந்த 12 வாரத்தைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரி வார்டில்தான். அங்கே நோயாளி வரும்போதே இது இதயம், இது கிட்னி என்று பிரித்து அனுப்பியிருப்பார்கள். கிளினிக்கில் யாரும் அப்படி வருவதில்லை. "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர், கேஸ் டிரபிள்னு நினைக்கிறேன்" என்று வருவார்கள். அதில் பத்துப் பேருக்கு உண்மையாகவே கேஸ் டிரபிள்தான் இருக்கும். பதினோராவது ஆளுக்கு மாரடைப்பு. அவரைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் யாரும் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று சட்டம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

என் மகன் ஹவுஸ் சர்ஜன். குடும்ப மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறான். உறவினர்கள் எல்லாம் "அதற்கு ஏன் படிப்பு?" என்கிறார்கள். எந்தப் படிப்பு சட்டப்படி செல்லும்?
(வாசகர், விருதுநகர்)

உறவினர்களுக்கு முதலில் ஒரு பதில். டி.என்.பி.யில் சேர்ந்த புதிதில் எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் வேலை, வயதானவர்கள் வந்தால் மாத்திரைப் பையை மேசைமேல் கொட்டச் சொல்வது. இன்றும் அதைத்தான் செய்கிறேன். இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று மூன்று டாக்டர்கள் எழுதிய சீட்டு இருக்கும். ஒரே ரத்த அழுத்த மாத்திரை இரண்டு கம்பெனி பெயரில் இருக்கும், இரண்டையும் அந்தப் பாட்டி பயபக்தியோடு விழுங்கிக்கொண்டிருப்பார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று நாலாவதாக நரம்பு டாக்டரிடம் கிளம்பியிருப்பார். மூன்று டாக்டர்களும் கெட்டிக்காரர்கள்தான். முழுப் பையையும் பார்க்கிற வேலை மட்டும் யாருடையதும் இல்லாமல் போய்விட்டது. அதற்குத்தான் படிப்பு.

இப்போது சட்டம். அங்கீகாரம் பெற்ற வழிகள் மூன்று. ஒன்று, மூன்று வருட எம்.டி. குடும்ப மருத்துவம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதை முன்கை எடுத்துத் தொடங்கியது கோழிக்கோடு. எய்ம்ஸ் நிறுவனங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. ஆனால் நாடு முழுக்கச் சேர்த்தாலும் இடங்கள் சொற்பம். இரண்டாவது, தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி., இதுவும் மூன்று வருடம். மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை, அவசரப் பிரிவு என்று ஒவ்வொரு துறையிலும் மாதக்கணக்கில் வேலை பார்க்க வேண்டும், முடிவில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. இதைப் பெரும்பாலும் கல்லூரிகளில் இல்லாமல் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் படிப்பார்கள். மூன்றாவது, அதே வாரியம் 2020இல் தொடங்கிய இரண்டு வருட டிப்ளமோ. மூன்றுக்கும் நீட் பி.ஜி. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர முடியும், எய்ம்ஸ் இடங்களுக்கு மட்டும் தனி நுழைவுத் தேர்வு.

வார இறுதி வகுப்பு, ஆன்லைன் சான்றிதழ், ஃபெல்லோஷிப் என்று இன்னும் பல விளம்பரங்கள் வரும். அவற்றில் சில நல்ல படிப்புகள், அறிவுக்கு உதவும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், இதை மாநில மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

ஒரு விஷயத்தை உங்கள் மகனிடம் மறைக்க மாட்டேன். 2002ஆம் ஆண்டு தேசிய நலக் கொள்கையே குடும்ப மருத்துவர்கள் வேண்டும் என்று எழுதியது. 2017 கொள்கை குடும்ப மருத்துவ எம்.டி.யைப் பரப்ப வேண்டும் என்றது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. நான் போய்ப் பேசிய கல்லூரிகளில் பலவற்றில் குடும்ப மருத்துவத்துக்கு என்று ஒரு துறையோ ஒரு பேராசிரியரோ கிடையாது. ஐந்தரை வருடத்தில் ஒரு குடும்ப டாக்டரைக்கூட ஆசிரியராகப் பார்க்காத மாணவன் அந்தப் படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பான்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்கிற நல்ல டாக்டர்கள்கூட அரசுப் பணி ஒதுக்கீட்டில் எலும்பு, ரேடியாலஜி என்று மேற்படிப்புக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வழி அப்படி அமைந்திருக்கிறது. 2022இலிருந்து முதல் வருட மாணவர்களே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற திட்டம் பாடத்தில் வந்திருக்கிறது. நல்லபடியாக நடந்தால் அந்த மாணவர்களில் சிலராவது நம் பக்கம் வருவார்கள். உங்கள் மகனை அனுப்புங்கள்.

எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர் 'சர்க்கரை நோய் நிபுணர்' என்று போட்டிருக்கிறார். இது சரியா?
(வாசகர், தேனி)

என்ன படித்தார் என்பதைப் பொறுத்தது. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் 7.20 என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் அந்தத் துறையில் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது. 2023இல் புதிய விதிகள் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள், அதனால் 2002 விதிகளே இன்றும் நடப்பில் இருக்கின்றன. சர்க்கரை நோயாளியைப் பார்க்க எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு முழு உரிமை உண்டு, நன்றாகவே பார்ப்பவர்களும் உண்டு. 'சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படும்' என்று எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சில மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு 'நிபுணர்' என்று எழுதுவதுதான் வம்பு.

அதே விதிகளின்படி பதிவெண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் போட வேண்டும். உங்கள் கையிலிருக்கும் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். எண் இருந்தால் மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடி அவர் பெயரையும் பதிவான தகுதிகளையும் பார்த்துக்கொள்ளலாம். எண்ணே இல்லை என்றால் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற டாக்டரை மாற்றுவது உத்தமம்.

மகன் இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து இங்கிலாந்து போனான். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு அங்கே வைக்கும் பிளாப் தேர்வில் இரண்டு பகுதியும் பாஸ். ஆனாலும் ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், ஆக இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டும் என்கிறான். சாக்குப்போக்கு சொல்கிறானோ?
(வாசகி, கும்பகோணம்)

பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள், அம்மா, உண்மையைத்தான் சொல்கிறான். பிளாப் பாஸானால் அங்கே டாக்டராகப் பதிவு கிடைக்கும், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாம். ஜி.பி. என்பது அங்கே தனிப் பதிவேடு. 1982 முதலே மூன்று வருடப் பயிற்சி இல்லாமல் அரசு சுகாதாரச் சேவையில் ஜி.பி.யாக நுழைய முடியாது. 2006 ஏப்ரலிலிருந்து ஜி.பி. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அந்த வேலை. அந்த நாட்டு மாணவர்களே படிப்பு முடித்து இரண்டு வருடம் அடிப்படைப் பயிற்சி, அதற்குமேல் மூன்று வருடம் ஜி.பி. பயிற்சி என்று ஐந்து வருடம் கழித்துத்தான் தனியாக உட்காருகிறார்கள்.

இந்த மூன்று வருடத்தில் கணிசமான பகுதி உண்மையான ஜி.பி. கிளினிக்கிலேயே, ஒரு மூத்த டாக்டரின் கண்ணெதிரில் நடக்கும். எனக்குப் பொறாமையாக இருப்பது இதில்தான். கூடவே ஜி.பி.க்களுக்கான ராயல் கல்லூரியின் எம்.ஆர்.சி.ஜி.பி. தேர்வு. ஒரு எழுத்துத் தேர்வு, வேலையிடத்து மதிப்பீடு, அப்புறம் நோயாளியிடம் பேசிக் காட்டும் தேர்வு. இந்தக் கடைசித் தேர்வில் இப்போது 12 நோயாளிகள், ஆளுக்கு 12 நிமிடம், கணினித் திரை வழியாக. நோயாளியாக வருபவர்கள் நடிகர்கள். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மருந்து தெரியும். ஆனால் நோயாளி என்ன பயத்தோடு வந்திருக்கிறார் என்று கேட்டு, முடிவை அவரோடு சேர்ந்து எடுப்பதை இங்கே யாரும் சொல்லித் தரவில்லை. இதன் பழைய வடிவத்தில் வெளிநாட்டில் படித்தவர்கள் மிக அதிகமாகத் தோற்பதை எதிர்த்து அங்குள்ள இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கம் வழக்கே போட்டது. 2014இல் லண்டன் உயர் நீதிமன்றம் தேர்வு சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது. இருந்தாலும் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டியது கல்லூரியின் பொறுப்பு என்பதையும் நீதிபதி சொன்னார். மகனுக்கு மூன்று வருடம் முழுசாகத் தேவைப்படும். சீக்கிரம் முடி என்று போனில் நச்சரிக்காதீர்கள்.

மகள் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிறாள். திரும்பி வந்ததும் ஊரில் கிளினிக் வைக்கலாமா?
(வாசகர், நாமக்கல்)

வந்ததும் முடியாது. முதலில், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு. 300 கேள்வி, பாஸாக 150 மதிப்பெண் வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது 2021 நவம்பர் 18 அன்று வந்த விதிகள். மருத்துவப் படிப்பு மட்டும் 54 மாதத்துக்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும். படித்த அதே கல்லூரியில் 12 மாத ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். எல்லாம் சேர்ந்து பத்து வருடத்துக்குள். படித்த நாட்டிலேயே, அந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாகத் தொழில் செய்யும் உரிமமும் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசி வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏஜென்ட் சொன்னதை விட்டுவிட்டு, கல்லூரியிடமே இந்த ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வரும் என்று 2019 சட்டத்தில் இருக்கிறது. இதை எழுதும்வரை வரவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பழைய கம்பவுண்டர் ஊசி போடுகிறார். கைராசிக்காரர். இது குற்றமா?
(வாசகர், அறந்தாங்கி)

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அவரே முடிவு செய்து போடுகிறார் என்றால் குற்றம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைராசியை எந்த மருத்துவ கவுன்சிலும் பதிவு செய்வதில்லை.

டாக்டர்கள் ஒருமுறை பாஸானால் ஆயுசுக்கும் போதுமா? டிரைவிங் லைசென்ஸுக்கே புதுப்பித்தல் இருக்கிறதே?
(வாசகி, திருச்சி)

2002 விதிகளின்படி ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி வகுப்புகளில் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் 2012 டிசம்பர் முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கிறது. வருடா வருடம் ஒரு மூத்த டாக்டர் எதிரில் உட்கார்ந்து, நோயாளிகளும் சக டாக்டர்களும் தன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வைத்துப் பேச வேண்டும். இங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் மணி நேரம் சேர்ந்துவிடும். நல்ல வகுப்புகளுக்குப் போய் நிறையக் கற்றிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக பிரியாணிக்குப் போனவர்களையும் அதே ஹாலில் பார்த்திருக்கிறேன்.