குட்டியோடு திமிங்கலம் பார்க்க நடுக்கடலுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு ஹவாயின் மௌயி தீவுக்குப் போகிறோம். கூன்முதுகுத் திமிங்கலத்தைக் குட்டியோடு பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். வெகுதூரம் போகும் படகில் போனால்தான் பார்க்க முடியும் என்கிறார்கள். மாமியாருக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. கரையிலிருந்து ஏதாவது தெரியுமா?

பதில்: வெகுதூரம் போக வேண்டியதே இல்லை. நீங்கள் போகும் மாதமும் சரியான மாதம்தான். அலாஸ்கா பக்கம் கோடையில் தின்று கொழுத்த திமிங்கலங்கள் சுமார் 4,800 கிலோமீட்டர் நீந்தி டிசம்பர் வாக்கில் ஹவாய்க்கு வரத் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கூட்டம் அதிகம்.

மௌயி, லனாய், மொலோகாய், கஹோலாவே ஆகிய நான்கு தீவுகளுக்கு நடுவில் உள்ள கடலில் ஆழம் குறைவு. மலைகள் மறைப்பதால் காற்றும் அவ்வளவாக அடிக்காது. ஆனால் அங்கேயும் எல்லாத் திமிங்கலமும் எல்லா இடத்திலும் இருக்காது. ஒரு பெண்ணைத் துரத்தி ஆண்கள் முட்டி மோதும் கூட்டங்களை ஆழம் கூடிய பக்கம்தான் அதிகம் பார்க்கலாம். குட்டி ஈன்ற தாய்க்கு அந்தக் கலாட்டாவே ஆகாது. பிறந்து சில வாரமே ஆன, நாலு மீட்டர் நீளக் குட்டியை வைத்துக்கொண்டு அவற்றிடம் மாட்டினால், ஓய்வும் போச்சு, பாலூட்டலும் போச்சு. அதனால் தாய் ஆழம் குறைந்த பக்கம் ஒதுங்கிவிடும். அதற்காகக் கரையை ஒட்டியே கிடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மௌயிக்கும் லனாய்க்கும் இடைப்பட்ட அவ்அவ் கால்வாயில் தாய்-குட்டி ஜோடிகள் 40 முதல் 60 மீட்டர் ஆழத்தையே அதிகம் நாடுவதாக ஆய்வில் தெரிந்தது. வெளியே போனால் ஆண்கள், கரையோரம் வந்தால் படகுகள். பாவம், நடுவில்தான் அதற்கு இடம்.

மாமியாரை மாஆலயா துறைமுகத்தைத் தாண்டி, லஹைனா போகும் சாலையில் உள்ள பாபாவாய் முனைக்குக் கூட்டிப்போங்கள். வண்டியை நிறுத்த இடம் உண்டு. உயரமான இடம் என்பதால் கடல் விரிந்து தெரியும். ஒரு பைனாகுலர் போதும். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் காற்று கிளம்பி அலை நுரைக்க ஆரம்பித்தால், எது நுரை, எது திமிங்கலம் விடும் மூச்சு என்றே தெரியாது.

எதைத் தேட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஓய்வெடுக்கும் தாய் நீருக்கடியில் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் கிடக்கும். குட்டிக்கு அவ்வளவு மூச்சுப் பிடிக்காது. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக மேலே வந்து, சின்னதாக ஒரு மூச்சு விட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பத் தாயிடம் இறங்கும். ஒரே இடத்தில் இப்படிச் சின்ன மூச்சு இரண்டு மூன்று முறை தெரிந்தால் கண்ணை எடுக்காதீர்கள். அடுத்து தாய் எழும்போது பெரிய மூச்சு உயரமாகப் பீறிடும். இரண்டோடு மூன்றாவதாக இன்னொரு பெரிய முதுகு தெரிந்தால் அப்பா என்று பிள்ளைகள் சொல்வார்கள். இல்லை, அது பெரும்பாலும் வாய்ப்புக்காகக் கூடவே சுற்றும் வேறோர் ஆண்.

சரி, நீங்களும் பிள்ளைகளும் படகில் போவதாக இருந்தால், மாஆலயாவிலிருந்து காலையில் கிளம்பும் இரண்டு மணி நேரப் பயணமே தாராளம். நீருக்கடியில் மைக் இறக்கும் படகா என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். ஆண் திமிங்கலங்கள் பாடுவது அதில் நன்றாகக் கேட்கும்.

ஹவாயில் திமிங்கலத்தை 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், நெருங்குவது சட்டப்படி குற்றம். நீந்திப் போனாலும், துடுப்புப் படகில் போனாலும் இதே விதிதான். ஹவாயில் இருக்கும் வரை தாய்க்கு இரை கிட்டத்தட்டக் கிடையாது. சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. படகுக்கு பயந்து ஒவ்வொரு முறை நகரும்போதும் அந்தக் கையிருப்புதான் குறையும். ஆகவே "கிட்டே கொண்டுபோய்க் காட்டுகிறோம்" என்று ஆசை காட்டும் படகுக்காரரை விட்டுவிட்டு வேறு படகு பாருங்கள். இன்ஜினை அணைத்துக் காத்திருக்கும் படகின் பக்கம் திமிங்கலம் தானாகவே வருவதும் உண்டு.