பம்பளிமாசும் அம்மாவின் குளிசையும்

கேள்வி: வட்டக்கச்சியில் வசிக்கிறோம். 63 வயதான என் அம்மா, கொலஸ்ட்ரோலுக்குக் கிளினிக்கில் தரும் அட்டோவாஸ்டாட்டின் குளிசையை இரவில் போடுகிறார். இரண்டு மாதமாகத் தொடையும் கெண்டைக்காலும் உளைகின்றன. வளவில் பம்பளிமாசு காய்த்துக் குலுங்குவதால் தினமும் காலையில் சாப்பிடுகிறார். பழத்துக்கும் குளிசைக்கும் தொடர்பு உண்டா? குடற்கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து மருந்துகளைச் சோதிப்பதாகப் படித்தேன். அம்மாவின் கலங்களையும் அப்படிச் சோதிக்க முடியுமா?

பதில்: முதலில் அம்மாவின் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அது கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தசை சோர்ந்தாலோ அன்றைக்கே கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையெனில், குளிசையைத் தாமாக நிறுத்தாமல் பழத்தை மட்டும் இன்றே நிறுத்திவிட்டு, அடுத்த திகதிக்குக் காத்திராமல் கிளினிக் கொப்பியுடன் சென்று உளைவைச் சொல்லுங்கள். தசை நொதியமான சீ.கே. அளவைக் குருதியில் பார்ப்பார்கள்.

தொடர்பு இருக்கக்கூடும். இரணைமடுவில் திறந்துவிடும் தண்ணீர் முழுவதும் கடைசி வயல் வரை போய்ச் சேர்வதில்லை. விழுங்கிய மருந்தும் அப்படித்தான். சிறுகுடற் சுவரின் கலங்களில் உள்ள சிப் 3ஏ4 என்னும் நொதியம் அதில் ஒரு பகுதியை அங்கேயே உடைத்துவிடுகிறது, பி-கிளைக்கோபுரதம் என்னும் புரதம் இன்னொரு பகுதியைக் குடலுக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறது, தப்பியது ஈரலுக்குப் போய் அங்கும் உடைபடுகிறது. மருந்தின் அளவு இந்த இழப்பையும் கணக்கில் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. பம்பளிமாசிலும் அதன் வழிவந்த கிரேப்புருட்டிலும் உள்ள பியூரனோகூமரின்கள் குடலிலுள்ள அந்த நொதியத்தை மீளமுடியாதபடி செயலிழக்கச் செய்வதால், அதே குளிசையிலிருந்து கூடுதலான மருந்து குருதியில் சேர்கிறது. குடல் புதிய நொதியத்தை ஆக்கிக்கொள்ள இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம். ஆகவே பழத்தைக் காலையிலும் குளிசையை இரவிலும் எடுப்பதால் பாதுகாப்புக் கிடைக்காது. இதைத்தான் நான் கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனாலும் பழத்தின் மீதே முழுப் பழியையும் போட்டுவிடக் கூடாது. கொலஸ்ட்ரோலுக்குத் தரும் இன்னொரு குளிசையான சிம்வாஸ்டாட்டினை விட அட்டோவாஸ்டாட்டினில் இப்பாதிப்புக் குறைவு. தைரொயிட் குறைபாடு, வயல்வேலை, இடையில் எடுத்த கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும்.

இனிக் குடற்கலங்கள். நீங்கள் படித்தது பெரும்பாலும் காகோ-2 என்னும் ஆய்வுகூடக் கலங்களைப் பற்றியதாக இருக்கும். அவை பெருங்குடற் புற்றுநோய் கொண்ட ஒருவரிடமிருந்து 1970களில் வளர்த்தெடுக்கப்பட்டவை. நுண்துளைகளுள்ள மென்சவ்வின் மேல் இட்டு ஏறத்தாழ 21 நாட்கள் வளர்த்தால், நாற்றுமேடையில் பயிர் நெருங்குவது போல இடைவெளியின்றி ஒரே படையாகப் பரவி, சிறுகுடற் கலங்களைப் போல நுண்சடைமுளைகள் என்னும் மயிர் போன்ற நுண்ணிய நீட்சிகளையும் விடுகின்றன. மேற்புறம் மருந்தை ஊற்றிக் கீழ்ப்புறத் திரவத்தை எடுத்து அளந்தால், எவ்வளவு கடந்தது என்று தெரியும். மருந்து கடப்பதை அளக்க அவை நல்லவை. ஆயினும் அவற்றில் சிப் 3ஏ4 மிகக் குறைவு. விற்றமின் டீயின் செயலூக்க வடிவத்தைச் சேர்த்து வளர்த்துத்தான் அதைக் கூட்டுகிறார்கள். ஆகவே உடைபடுவதை ஆராய அவை தனித்துப் போதா.

நோயாளியின் சொந்தக் கலங்களிலிருந்தே குடலுருக்களை, அதாவது குடலைப் போல அமையும் சிறிய கலத்திரள்களை, வளர்க்கும் முறையும் உண்டு. நெதர்லாந்தில் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு எந்த மருந்து பலனளிக்கும் என்று அவ்வாறு சோதித்திருக்கிறார்கள். அந்த நோயின் கோளாறு குடற்கலத்திலேயே வெளிப்படுவதால் அது இயன்றது. உங்கள் அம்மாவுக்கு உளைவது தசை. மருந்தின் பெரும்பகுதியை உடைப்பது ஈரல். குடற்கலத்தை மட்டும் வளர்த்துப் பார்த்தால் இவ்விரண்டும் தெரியாது. அதற்காகச் செலவழித்துக் கொழும்புக்கு அலைய வேண்டாம்.

பழத்தை நிறுத்திய திகதியை மட்டும் கொப்பியில் குறித்துவையுங்கள். உளைவு குறைகிறதா என்று வைத்தியர் அதை வைத்துப் பார்ப்பார். குறையாவிட்டால் அளவைக் குறைக்கலாம், அல்லது இந்த நொதியத்தைப் பெரிதும் சாராத ரொசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம். அப்போது, சிறுநீரகம் நலமாக இருந்து வேறு மருந்துகளும் தடை இல்லையெனில், வளவுப் பம்பளிமாசை அம்மா மறுபடி சாப்பிடலாம்.