தாம்சன் ஹைவே: ஒரு கலை போதாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் கிரீ பூர்வகுடி எழுத்தாளர் தாம்சன் ஹைவே பற்றி வாசித்தேன். பியானோ பயின்றவர், பிறகு சமூகப் பணி, நாடகம், நாவல், ஓபரா எனும் இசைநாடகம் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றிலேயே ஊன்றி நின்றிருந்தால் இன்னும் சாதித்திருப்பாரோ?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹைவே பியானோவை விட்டுவிட்டு எழுத வந்தவர் அல்லர். 1998இல் வெளியான 'கிஸ் ஆஃப் த ஃபர் குயீன்' நாவலைப் பாருங்கள். அதன் ஆறு பகுதிகளுக்கும் 'அலெக்ரோ', 'அதாஜியோ' போன்ற இசைவேகக் குறிப்புகளே தலைப்பு. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் சிதைக்கப்படும் சகோதரர்கள் இருவரின் கதை அது. ஒருவன் பியானோ கலைஞன், மற்றவன் நடனக் கலைஞன். ஹைவேயின் தம்பி ரெனேயும் நடனக் கலைஞர்தான். 1990இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அந்த இழப்பைச் சொல்ல அவருக்கு இசையும் நாவலும் சேர்ந்தே தேவைப்பட்டன.

நீங்கள் வீண் என்று கருதும் சமூகப் பணிக் காலம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பட்டப்படிப்பு முடிந்ததும் சுமார் ஏழு ஆண்டுகள் பூர்வகுடி மக்களிடையே வேலை செய்தார். அந்த ஆண்டுகளின் குரல்கள்தான் 1986இல் 'த ரெஸ் சிஸ்டர்ஸ்' நாடகத்தில் பேசுகின்றன. டொராண்டோவில் நடக்கும் மாபெரும் பிங்கோ என்ற எண் குலுக்கல் ஆட்டத்துக்குக் கிளம்பும் ஒரே ஊரின் ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்திக்குப் புற்றுநோய். அவர்களைச் சுற்றிவரும் நானபுஷ் என்ற மாயாவியாக முதல் மேடையேற்றத்தில் ஆடியவர் ரெனே. 1989இல் வந்த அடுத்த நாடகம், ஒரே மெட்டைத் தலைகீழாக வாசிப்பதுபோல, அதே ஊரின் ஏழு ஆண்களைப் பற்றியது. அதிலுள்ள பாலியல் வன்முறைக் காட்சியைப் பூர்வகுடிப் பெண்கள் சிலரே கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தன் மக்களின் கதைக்கு மேடைகளே அரிதாக இருந்த காலத்தில், எழுதுவதோடு மட்டும் அவர் நிற்க முடியவில்லை. 'நேட்டிவ் எர்த்' நாடகக் குழுவை 1986 முதல் 1992 வரை வழிநடத்தினார். பின்னாளில் கிரீ மொழியிலேயே ஓபராவுக்குப் பாடல்வரிகள் எழுதினார். மொழிக்கு ஓர் அரங்கு வேண்டுமென்றால் யாராவது அதைக் கட்டித்தானே ஆக வேண்டும்?

முதலில் 'த ரெஸ் சிஸ்டர்ஸ்' வாசியுங்கள். நாவலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அது மனத்தை உலுக்கும்.